புளோரன்ஸில் மைக்கேலாஞ்சலோ நடை: ஒன்றரை நாளுக்கான முழுமையான வழிகாட்டி

புளோரன்ஸுக்கு வரும் உறவினர்களையும் நண்பர்களையும் சிற்பி மைக்கேலாஞ்சலோவின் இடங்களுக்குக் கூட்டிப்போவது எனக்குப் பல வருட வழக்கம். ஆரம்பத்தில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். காலையில் முதல் வேலையாகத் தாவீது சிலை. வந்தவர்கள் அரை மணி நேரத்தில் படம் எடுத்து முடித்து, "சரி, அடுத்து சாப்பாடு எங்கே?" என்று கேட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு நாள் முழுக்க எதைக் காட்டினாலும் மனசில் ஒட்டாது.

சிலைகள் அதேதான், வரிசையை மட்டும் மாற்றினேன். ஆட்கள் பார்க்கும் விதமே மாறியது. கீழே இருப்பது அந்த வரிசையும், ஒவ்வொரு படிக்கும் உள்ள காரணமும், புதியவர்கள் இடறும் இடங்களும். உங்கள் குடும்பத்தையோ நாலைந்து நண்பர்களையோ நீங்களே நடத்திச் செல்வதற்காக எழுதியது. காசு வாங்கிக்கொண்டு வழிகாட்ட இத்தாலியில் உரிமம் வேண்டும், அதை மறக்க வேண்டாம்.

1. முதலில் கிழமையைத் தேர்ந்தெடுங்கள்

விமான டிக்கெட்டுக்கு அடுத்தபடி முடிவு செய்ய வேண்டியது இதுதான். ஓட்டல்கூட அப்புறம். காரணம், இந்த நடைக்கு வேண்டிய இடங்கள் ஒரே நாளில் விடுமுறை விடுவதில்லை. தாவீது இருக்கும் அக்காதெமியாவுக்குத் திங்கள் விடுமுறை. சிற்ப அருங்காட்சியகமான பார்ஜெல்லோ, புளோரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பத்தின் கல்லறைகள் இருக்கும் மெதிச்சி சிற்றாலயங்கள், மைக்கேலாஞ்சலோவின் குடும்ப வீடான காசா புவொனரோத்தி மூன்றுக்கும் செவ்வாய் விடுமுறை. கதீட்ரல் அருங்காட்சியகம் மாதத்தின் முதல் செவ்வாயன்று மூடியிருக்கும். ஞாயிறு காலையில் தேவாலயங்களில் வழிபாடு நடப்பதால் பார்வையாளர்களை மதியம்தான் விடுவார்கள்.

ஆகவே புதன், வியாழன், வெள்ளி ஆகிய மூன்றில் ஒரு நாள் தொடங்குங்கள். மறுநாள் காலையும் சிக்கலில்லாமல் கிடைக்கும். விடுமுறை நாட்களை அவ்வப்போது மாற்றுவதும் உண்டு, அதனால் கிளம்பும் வாரத்தில் அந்தந்த இடத்தின் சொந்த இணையதளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் கட்டணம் கிடையாது. ஆசைப்பட்டு அந்த நாளை எடுக்காதீர்கள். வரிசையில் நிற்கும் நேரத்தில் பாதி நடையை முடித்துவிடலாம்.

2. மூன்று டிக்கெட், இந்த நேரங்களில்

பார்ஜெல்லோ: திறந்ததும், அதாவது காலை எட்டேகால், எட்டரைக்குள்.
அக்காதெமியா: 11 மணி.
மெதிச்சி சிற்றாலயங்கள்: மாலை 3.30.

இதற்கு மேல் ஒரே நாளில் நாலாவது உள்ளரங்கு வேண்டாம். நடக்கும் தூரம் மொத்தத்தில் பெரிதில்லை. காலை வலிக்க வைப்பது நிற்பதுதான். பளிங்குத் தரையில் ஒரு மணி நேரம் நிற்பது, தெருவில் இரண்டு மணி நேரம் நடப்பதைவிடக் களைப்பு. உஃபீட்சி ஓவியக் கூடத்தையும் அதே நாளில் சேர்க்கிறோம் என்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். மாலை நாலு மணிக்கு அவர்கள் சிலையைப் பார்ப்பதில்லை, உட்கார பெஞ்சு தேடுகிறார்கள். மைக்கேலாஞ்சலோ பலகையில் தீட்டி முடித்த ஓவியமான தோனி வட்டம் உஃபீட்சியில்தான் இருக்கிறது. அதற்கு வேறு ஒரு நாள் கொடுங்கள்.

அக்காதெமியா டிக்கெட்டைக் குறைந்தது சில வாரம் முன்னால் எடுத்துவிட வேண்டும். தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் இடைத்தரகர்களின் தளங்கள். அதே டிக்கெட்டை அங்கே பல மடங்கு விலைக்கு விற்பார்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு, எந்த நாட்டவராக இருந்தாலும், அரசு அருங்காட்சியகங்களில் நுழைவு இலவசம். வயதுச் சான்று கேட்பார்கள், எனவே பிள்ளைகளின் பாஸ்போர்ட் பையில் இருக்கட்டும்.

3. முந்தின இரவே எடுத்து வைக்க வேண்டியவை

சின்னப் பை மட்டும். பெரிய முதுகுப்பையையும் பெரிய தண்ணீர் பாட்டிலையும் அக்காதெமியாவுக்குள் விடமாட்டார்கள், வைத்துவிட்டுப் போக இடமும் இல்லை. அரை லிட்டர் பாட்டில் போதும். சிக்னோரியா சதுக்கத்தில் நெப்டியூன் நீரூற்றின் அருகே குடிநீர்க் குழாய் இருக்கிறது, அங்கே நிரப்பிக்கொள்ளலாம்.

தேவாலயங்களுக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை. கோடையில் கையில்லாச் சட்டை போட்டிருந்தால் ஒரு துப்பட்டா கூட வைத்துக்கொள்ளுங்கள். தெருக்கள் கல் பாவியவை, எனவே புதுச் செருப்பு வேண்டாம், பழகிய ஷூ.

ரயிலில் வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: பலகைகளில் புளோரன்ஸ் என்று இருக்காது, ஃபிரென்ஸே என்றுதான் இருக்கும். இறங்க வேண்டிய நிலையம் சாந்தா மரியா நொவெல்லா.

4. தொடக்கம் பார்ஜெல்லோவில்

இந்த நடையில் நான் விட்டுக்கொடுக்காத படி இது. 11 மணிக்கு மேல் நீங்கள் பார்க்கப்போகும் தாவீதைப் புரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விஷயங்கள் இங்கேதான் இருக்கின்றன. கூட்டமும் குறைவு.

முதலில் மாடிக்குப் போங்கள். தொனாத்தெல்லோ செய்த வெண்கலத் தாவீதையும் வெரோக்கியோ செய்த வெண்கலத் தாவீதையும் பாருங்கள். இரண்டிலும் காலடியில், பைபிள் கதையில் தாவீது வீழ்த்திய அரக்கன் கோலியாத்தின் வெட்டுண்ட தலை கிடக்கிறது. சண்டை முடிந்துவிட்டது, பையன் ஜெயித்துவிட்டான். புளோரன்ஸ்காரர்களுக்குப் பழகியிருந்த தாவீது இவன்தான். இதைச் சொல்லிவிட்டு, "அந்தத் தலையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் கூட்டத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். விளக்கத்தை இங்கேயே கொட்டிவிடாதீர்கள். மூன்று மணி நேரம் கழித்து அவர்களே சொல்வார்கள்.

பிறகு தரைத்தளம். அங்கே இருக்கும் பாக்கஸ், மைக்கேலாஞ்சலோ 21, 22 வயதில் ரோமில் செதுக்கியது. வேண்டும் என்று கேட்ட கர்தினாலே வேண்டாம் என்று தள்ளியது. மதுக்கடவுள் நிஜமாகவே தள்ளாடுகிறான். முன்னால் நின்று பார்த்துவிட்டு நகர்வதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சிலையைச் சுற்றி ஒரு வட்டம் நடக்க வேண்டும். பின்னால் ஒளிந்திருக்கும் ஆட்டுக்கால் சிறுவன் திராட்சை தின்பது அப்போதுதான் தெரியும்.

அடுத்து புரூட்டஸின் மார்பளவுச் சிலை. இங்கே பத்து நிமிடமாவது நில்லுங்கள். சுமார் 1540-இல், 65 வயதில் செய்தது. கன்னத்தில் பாருங்கள்: சீப்பால் இழுத்த மாதிரி நெருக்கமான கோடுகள், ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக ஓடும். பல் வைத்த உளியின் தடம் அது. கல்லை முதலில் கூர்முனை உளியால் உடைப்பார், அப்புறம் இந்தப் பல் உளியால் வடிவத்தைத் தேடுவார். தட்டை உளி, அரம், மெருகு எல்லாம் அதற்குப் பிறகுதான். முகத்தைப் பல் உளியோடு நிறுத்திவிட்டார். உடையின் மடிப்புகளை முடித்தவர் அவருடைய சீடர் திபேரியோ கல்காஞ்ஞி. முகத்தையும் உடையையும் மாறி மாறிப் பார்த்தால் இரண்டு கைகள் என்பது எவருக்கும் பிடிபடும். இந்தப் பல் தடத்தைக் கண்ணுக்குப் பழக்கிவிட்டால் போதும், மீதி இடங்களில் நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்காது.

கிளம்பும் முன் எல்லோரும் கழிப்பறைக்குப் போய்வரட்டும். அடுத்து வசதியான இடம் அக்காதெமியாதான்.

5. சிக்னோரியா சதுக்கம்: 25 நிமிடம்

பார்ஜெல்லோவிலிருந்து ஐந்து நிமிட நடை. பழைய அரண்மனை வாசலில் நிற்பது தாவீதின் நகல், 1910-இல் வைத்தது. அசல் இங்கே 1504 முதல் 1873 வரை வெயிலிலும் மழையிலும் நின்றது.

நகல்தானே என்று தாண்டிப் போக வேண்டாம். சிலை எங்கே நிற்க வேண்டும் என்று நடந்த வாதத்தைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது. 1504 ஜனவரி 25-ஆம் தேதி இதற்கென்றே ஒரு கூட்டம் கூடியது. லியொனார்தோ தா வின்சியும் ஓவியர் போத்திச்செல்லியும் அதில் இருந்தார்கள். பளிங்கு மென்மையான கல், மழையில் கெட்டுவிடும், கூரைக்குக் கீழே வைக்கலாம் என்று ஒரு தரப்பு சொன்னது. அவர்கள் கைகாட்டிய வளைவு மண்டபம் உங்களுக்கு வலப்பக்கமே இருக்கிறது. லியொனார்தோவும் அதையே ஆதரித்தார். கடைசியில் ஜெயித்தது அரண்மனை வாசல். ஆட்களை மண்டபத்தின் படியில் நிற்க வைத்து, "இங்கே வைத்திருந்தால்?" என்று கேளுங்கள். கேள்வி அவர்கள் கண்ணெதிரே இருக்கும்.

அப்படியே இடது கையைக் காட்டுங்கள். 1527 கலவரத்தில் அரண்மனைக்குள்ளிருந்து வீசிய பெஞ்சு பட்டு அசலின் இடக்கை மூன்று துண்டாக உடைந்தது. துண்டுகளைப் பொறுக்கிப் பத்திரப்படுத்தியவர்களில் சிறுவன் வசாரியும் உண்டு. மறுநாள் காலை நீங்கள் பார்க்கப்போகும் மைக்கேலாஞ்சலோவின் கல்லறையை வடிவமைத்தவர் அதே வசாரிதான், பெயரைச் சொல்லி வையுங்கள்.

6. சிலை வந்த வழியில், எதிர்த்திசையில்

இங்கிருந்து கதீட்ரலின் பின்பக்கத்துக்கு நடங்கள். ஏழெட்டு நிமிடம். கதீட்ரல் பணிமனை இருந்த இடம் இது. இன்று அந்த இடத்தில் கதீட்ரல் அருங்காட்சியகம் இருக்கிறது. 1464-இல் வேறொரு சிற்பி தொடங்கிக் கைவிட்ட பளிங்குப் பாறை இந்த முற்றத்தில் பல பத்தாண்டுகள் கிடந்தது. 1501-இல் அது 26 வயது மைக்கேலாஞ்சலோ கைக்கு வந்தது. மூன்று ஆண்டில் முடித்தார்.

1504 மே மாதம் சிலையை வெளியே எடுக்க வாசல் வளைவை இடித்தார்கள். எண்ணெய் தடவிய 14 உத்திரங்களின் மேல் நிறுத்தி, நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்கள் நகர்த்தினார்கள். முதல் ராத்திரியே யாரோ கல்லெறிந்ததால் காவல் போட வேண்டியிருந்தது. நீங்கள் இப்போது ஏழெட்டு நிமிடத்தில் நடந்து வந்த தூரத்துக்கு அவர்களுக்கு நான்கு நாள் ஆனது. இதை நடப்பதற்கு முன் சொல்லாதீர்கள், நடந்து முடித்ததும் சொல்லுங்கள். அப்போதுதான் அந்த நான்கு நாள் காலுக்குத் தெரியும்.

7. அக்காதெமியா: பேச்சு வாசலிலேயே முடியட்டும்

டிக்கெட் நேரத்துக்குக் கால் மணி முன்னால் வந்தால் போதும். முன்பதிவு வரிசையும் டிக்கெட் வாங்கும் வரிசையும் வேறு வேறு. தெரியாமல் தவறான வரிசையில் நின்று நேரத்தைத் தொலைப்பவர்கள் தினமும் இருக்கிறார்கள். நிற்கும் முன் கேட்டுவிடுங்கள்.

சொல்ல வேண்டியதைத் தெருவிலேயே சொல்லி முடித்துவிடுங்கள், மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். உள்ளே இரைச்சல், யார் காதிலும் எதுவும் விழாது. கத்திப் பேசினால் காவலர் எச்சரிப்பார்.

கூடத்துக்குள் நுழைந்ததும் தூரத்தில் வெளிச்சத்தின் கீழ் தாவீது தெரியும். எல்லோர் காலும் தானாக அங்கே ஓடும். இழுத்து நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் நிற்கும் முடிக்காத கைதிகள் நால்வரை முதலில் பார்க்க வேண்டும். இரண்டாம் ஜூலியஸ் போப்பின் கல்லறைக்காகத் தொடங்கியவை இவை. தாவீதைப் பார்த்த கண் இவற்றுக்குத் திரும்பி வருவதில்லை. பார்ஜெல்லோவில் பழகிய பல் உளித் தடம் இங்கே தோளிலும் வயிற்றிலும் பெரிசாகத் தெரியும். அதற்கும் பின்னால் கூர்முனை உளி கொத்திய பள்ளங்கள், அதற்கும் பின்னால் வெறும் பாறை. ஒரே சிலையில் வேலையின் எல்லாக் கட்டமும் இருக்கிறது.

அப்புறம் தாவீது. 5.17 மீட்டர். "தலை எங்கே?" என்று கேளுங்கள். கோலியாத்தின் தலை இங்கே இல்லை, ஏனென்றால் சண்டை இன்னும் தொடங்கவில்லை. பார்ஜெல்லோவிலிருந்து வந்தவர்கள் இதைத் தாங்களே சொல்லிவிடுவார்கள். என் பெரியம்மா ஒருத்தர், கலைப் புத்தகம் எதுவும் புரட்டாதவர், வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முகத்தில் பயம் இல்லை, கை மட்டும் காத்துக்கிட்டு இருக்கு" என்றார். அந்தக் கையில் புடைத்த நரம்பையும் மடங்கிய விரல்களையும் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பின்னால் போய், தோளிலிருந்து முதுகு வழியே இறங்கும் கவண் வாரையும் பார்க்க மறக்காதீர்கள்.

8. மதிய உணவு

அக்காதெமியாவிலிருந்து பத்து நிமிடத்தில் சான் லொரென்சோ பகுதியின் மத்தியச் சந்தை. மாடியில் விதவிதமான சாப்பாட்டுக் கடைகள், உட்கார இடமும் இருக்கும். சைவர்களுக்கு ரொட்டியும் தக்காளியும் சேர்த்துக் கொதிக்கவைத்த பாப்பா அல் பொமொதோரோ நன்றாக இருக்கும். லம்ப்ரதோத்தோ என்று எழுதியிருந்தால் அது மாட்டின் இரைப்பை, தெரிந்து வாங்குங்கள். வெளியே காபிக் கடையில் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் கூடுதல் விலை. இரண்டு மணி நேர ஓய்வு கட்டாயம், வெயில் காலத்தில் இன்னும் கொஞ்சம்.

9. சான் மார்கோவிலிருந்து மெதிச்சி வீட்டுக்கு

இவ்வளவு நேரமும் நான் மைக்கேலாஞ்சலோவின் சிறு வயதைச் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான். மெதிச்சி குடும்பத்தின் சாப்பாட்டு மேசையில் தொடங்கி அதே குடும்பத்தின் கல்லறையில் முடிகிற கதை அது, இரண்டு இடமும் பத்து நிமிட நடைக்குள் இருக்கின்றன. காலையில் சொல்லிவிட்டால் அந்தத் தொடர்பு அறுந்துபோகும்.

சான் மார்கோ சதுக்கத்தில் நின்று தொடங்குங்கள். இதை ஒட்டித்தான் லொரென்சோ மெதிச்சியின் சிலைத் தோட்டம் இருந்தது. இன்று பார்ப்பதற்கு எதுவும் இல்லை, எனவே தோட்டத்தைத் தேடி அலைய வேண்டாம். பையன் ஒரு கிழட்டு வனதேவனின் தலையைச் செதுக்கினானாம். கிழவனுக்கு எல்லாப் பல்லும் இருக்குமா என்று லொரென்சோ கேலி செய்ய, அடுத்த முறை அவர் வருவதற்குள் ஒரு பல்லைத் தட்டி, ஈறையும் குடைந்து வைத்திருந்தானாம். மைக்கேலாஞ்சலோ உயிரோடு இருக்கும்போதே அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் சொன்ன கதை இது. பிள்ளைகள் இருந்தால் இதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

அங்கிருந்து காவூர் தெரு வழியே மெதிச்சி அரண்மனை. 1492-இல் லொரென்சோ இறக்கும்வரை ஏறக்குறைய இரண்டு ஆண்டு இந்த வீட்டில், அவர் பிள்ளைகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டு வளர்ந்தான். உள்ளே போக நேரமில்லை. தெரு முனையில் தரைத்தள ஜன்னலைப் பாருங்கள். ஜன்னலைத் தாங்கும் இரண்டு நீண்ட தாங்குகல்லும் மண்டியிட்ட கால் மாதிரி இருக்கும். வளர்ந்த பிறகு மைக்கேலாஞ்சலோ அதே வீட்டுக்கு வடிவமைத்துக் கொடுத்தது.

10. சான் லொரென்சோ: வாசல் பின்பக்கம்

அதிகம் பேர் இடறும் இடம் இதுதான். தேவாலயத்தின் முன் வாசலில் டிக்கெட்டை நீட்டினால் திருப்பி அனுப்புவார்கள். மெதிச்சி சிற்றாலயங்களுக்கு நுழைவு பின்பக்கம், மதோன்னா தெல்லி அல்தோபிரந்தினி சதுக்கத்தில். பலகையில் கப்பெல்லே மெதிசே என்று இருக்கும். இருந்தாலும் முன்பக்கம் வழியாகவே சுற்றிப் போங்கள். அந்த முகப்பு இன்றும் அலங்காரமில்லாத கரடுமுரடான சுவர்தான். அதற்குப் பளிங்கு முகப்பு கட்டும் வேலை மைக்கேலாஞ்சலோவிடம் வந்து, கல் வெட்டும் கட்டத்தோடு 1520-இல் நின்றுபோனது.

உள்ளே முதலில் வரும் வண்ணக்கல் பதித்த பெரிய மண்டபம் அவருடையது அல்ல. அதில் நேரத்தைச் செலவழித்துவிடாமல், அவர் வடிவமைத்த கல்லறை மண்டபமான புதிய சாக்ரிஸ்தியாவுக்குப் போங்கள்.

இங்கே ஒரு பெரிய குழப்பம். லொரென்சோ, ஜூலியானோ என்று பெயரைப் பார்த்ததும், பையனை வளர்த்த லொரென்சோவும் அவர் தம்பியும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இந்த அலங்காரக் கல்லறைகள் அதே பெயர் கொண்ட, பின்வந்த தலைமுறைப் பிரபுக்களுடையவை. சோறு போட்ட லொரென்சோவும் 1478-இல் கொலையுண்ட தம்பியும் எதிர்ச்சுவரில், மாதா சிலைக்குக் கீழே, அலங்காரம் எதுவும் இல்லாத பெட்டிக்குள் இருக்கிறார்கள். அவர்களுக்கான கல்லறை கட்டப்படவே இல்லை. ஆட்களை அந்தப் பக்கம் திருப்பி நிற்க வைத்துவிட்டுச் சொல்லுங்கள். காலையிலிருந்து இழுத்து வந்த கதை இங்கேதான் வந்து சேர்கிறது.

அதன் பிறகு இரவு, பகல், அந்தி, விடியல் என்ற நான்கு உருவங்கள். பகலின் முகத்தை மட்டும் தவறவிடாதீர்கள், உளித் தடத்துக்குள்ளிருந்து பாதி எட்டிப் பார்க்கிறது. 1534-இல் ரோமுக்குப் போனவர் திரும்பவே இல்லை.

இந்த மண்டபத்துக்குக் கீழே 1975-இல் கண்டுபிடித்த ஒரு சிறிய அறை இருக்கிறது. சுவரெங்கும் கரிக்கோட்டுப் படங்கள், 1530-இல் அவர் ஒளிந்திருந்தபோது வரைந்தவை என்று கருதப்படுபவை. 2023 முதல் ஒரு தடவைக்கு நான்கு பேரை மட்டும் அனுப்புகிறார்கள். தனி முன்பதிவு, சீக்கிரமே தீர்ந்துவிடும். கிடைத்தால் நல்லது, அதற்காக நாளின் வரிசையைக் குலைக்க வேண்டாம்.

11. மறுநாள் காலை: பியதா, கல்லறை, வீடு

கதீட்ரல் அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள். குவிமாடம் ஏறப்போவதில்லை என்றால் அதற்கான விலை கூடிய பாஸ் வேண்டாம், அருங்காட்சியகம் சேர்ந்த கிபெர்த்தி பாஸ் போதும். இங்கே இருக்கும் பியதா, அதாவது இறந்த கிறிஸ்துவின் உடலைத் தாங்கும் சிற்பம், மைக்கேலாஞ்சலோ 72 வயதுக்கு மேல் தன் சொந்தக் கல்லறைக்காகச் செதுக்கத் தொடங்கியது. ஒரு கட்டத்தில் அவரே சுத்தியலால் அடித்து உடைத்தார். கிறிஸ்துவின் இடது கால் இன்றும் இல்லை. துண்டுகளை ஒட்டி, மகதலேனாவை முடித்தவர் அதே கல்காஞ்ஞி. அவர் கை பட்ட உருவம் எது என்று கூட்டத்திடம் கேளுங்கள், புரூட்டஸின் உடையைப் பார்த்தவர்களுக்குச் சிரமம் இருக்காது. மேலே முக்காடு போட்டுக் குனிந்திருக்கும் கிழவர் முகம் சிற்பியின் முகம். இங்கே நான் எதுவும் சொல்வதில்லை. கால் மணி நேரம் சும்மா விட்டுவிடுகிறேன்.

பிறகு சாந்தா குரோச்சே தேவாலயம். 1564 பிப்ரவரி 18-இல் ரோமில் இறந்த மைக்கேலாஞ்சலோவின் உடலை அவருடைய தம்பி மகன் லியொனார்தோ சரக்கு மூட்டை போலக் கட்டி ரகசியமாக இந்த ஊருக்குக் கொண்டுவந்தார். இங்கே வசாரி வடிவமைத்த கல்லறை இருக்கிறது. ஓவியம், சிற்பம், கட்டடக்கலை மூன்றும் பெண்களாக உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் இருக்கும் கவிஞர் தாந்தேயின் கல்லறையில் உடல் இல்லை, அது ராவென்னாவில் இருக்கிறது. இதை யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

கால் இன்னும் ஒத்துழைத்தால், ஐந்து நிமிடத்தில் கிபெல்லினா தெருவில் காசா புவொனரோத்தி. பிறந்த வீடு என்று நினைக்க வேண்டாம், அவர் பிறந்தது கப்ரேசே என்ற ஊரில். இது அவர் வாங்கிய சொத்து, பின்னால் குடும்பத்தார் அவர் நினைவாக ஆக்கியது. 17 வயதுக்குள் செதுக்கிய இரண்டு பளிங்குப் பலகைகள் உள்ளே இருக்கின்றன. ஒன்றில் படிக்கட்டருகே மாதா, மற்றதில் பின்னிப் பிணைந்து சண்டையிடும் உடல்கள். அந்தச் சண்டைப் பலகையின் மேல் விளிம்பில் ஒரு பட்டை முடிக்கப்படாமல் கிடக்கிறது. அதில் என்ன தெரிகிறது என்று நீங்கள் சொல்ல வேண்டாம். போன தடவை கூட வந்த பத்து வயசுப் பையன் ஒருவன், நான் வாய் திறப்பதற்குள், "இது புரூட்டஸ் கன்னத்துல இருந்த அதே கோடு" என்று அம்மாவின் கையை இழுத்துக் காட்டினான்.